ஜீரோ விமானத்தின் நிறம் என்ன? - உலகப்போர் மாடல் விமானங்களும் ஒரு டப்பா பெயிண்டும்

இரண்டாம் உலகப்போர் என்றதும் மனதில் ஓடுவது கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். ஹிட்லர் கறுப்பு வெள்ளை, சர்ச்சில் கறுப்பு வெள்ளை, லண்டன் மேல் பறந்த விமானங்களும் கறுப்பு வெள்ளை! ஆனால் 1940-லும் வானம் நீலமாகத்தான் இருந்தது. அந்த விமானங்களுக்கும் நிறம் இருந்தது. என்ன நிறம் என்று கேட்டால் "பச்சை", "சாம்பல்" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். எந்தப் பச்சை, எந்தச் சாம்பல் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் வம்பு ஆரம்பம்.

இந்த வம்பில் அடிக்கடி மாட்டிக்கொள்பவர்கள் பிளாஸ்டிக் மாடல் விமானம் செய்பவர்கள். சரித்திரப் புத்தகம் எழுதுபவர் "சாம்பல் நிற ஜப்பானிய விமானங்கள் வந்தன" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். மாடல் செய்பவரால் அப்படிப் போக முடியாது. கடையில் அடுக்கி வைத்திருக்கும் பல சாம்பல் டப்பாக்களில் ஒன்றை அவர் திறந்தே ஆகவேண்டும். அதனால்தான் கல்லூரிப் பேராசிரியர்கள் அதிகம் தொடாத ஒரு சரித்திர ஆராய்ச்சி, பொழுதுபோக்குக்காக மாடல் செய்பவர்கள் கையில் வளர்ந்தது. பழைய அரசாங்க உத்தரவுகளைத் தேடிப் படிப்பது, விழுந்த விமானங்களின் தகடுகளைத் தேய்த்துப் பார்ப்பது என்று இவர்கள் செய்யும் வேலை ஏறக்குறைய துப்பறியும் வேலை.

நிறமே இல்லாத மாடல்கள்

முதலில் ஒரு வேடிக்கையான தகவல். போர்க்காலத்தில் அதிகமாகச் செய்யப்பட்ட மாடல் விமானங்களுக்கு வர்ணப் பிரச்சினையே இல்லை. அவை எல்லாம் கறுப்பு!

1942-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை அந்நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் ஒரு உதவி கேட்டது. நட்பு நாட்டு விமானம் எது, எதிரி விமானம் எது என்று வீரர்களுக்குக் கற்றுக்கொடுக்க 5 லட்சம் மாடல்கள் வேண்டும் என்பதே அது. உயர்நிலைப் பள்ளிகளின் தொழிற்கல்வி வகுப்புகளில் மாணவர்கள் மரக்கட்டையைச் செதுக்கி மாடல்களைச் செய்தார்கள். அளவு 1/72. அதாவது நிஜ விமானத்தின் 6 அடி, மாடலில் 1 அங்குலம். தூரத்தில் பறக்கும் விமானத்தின் நிறம் கண்ணுக்குத் தெரியாது, நிழல் போன்ற உருவம்தான் தெரியும். ஆகவே எல்லா மாடல்களுக்கும் கறுப்பு பூசினார்கள்.

இதே 1/72 அளவில்தான் போருக்குப் பிறகு பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் போன்ற கம்பெனிகள் பிளாஸ்டிக் கிட்களை விற்றன. ஏர்ஃபிக்ஸின் முதல் ஸ்பிட்ஃபயர் 1953-ல் வந்தது. ஹல் நகரத்து ஹம்ப்ரோல் கம்பெனியின் சின்னஞ்சிறு பெயிண்ட் டப்பாக்கள் இந்தப் பொழுதுபோக்கின் அடையாளமாகவே ஆகிவிட்டன. அப்போது செய்தவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். பெட்டியின் மேல் இருந்த படத்தைப் பார்த்துப் பூசினார்கள். அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகுதான் "இந்தப் பெட்டிப் படம் சரிதானா?" என்ற கேள்வி வந்தது.

ஒரே விமானம், ஒரே ஆண்டு, மூன்று வேஷம்

போர் விமானத்துக்கு வர்ணம் அழகுக்காகப் பூசுவதில்லை. மேலிருந்து பார்க்கும் எதிரிக்கு அது தரையோடு தரையாகத் தெரியவேண்டும். கீழிருந்து பார்ப்பவனுக்கு வானத்தோடு வானமாகத் தெரியவேண்டும். பிரிட்டிஷ் விமானப்படையான ஆர்.ஏ.எஃப் தன் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் மேல்பக்கத்தில் டார்க் எர்த் என்ற மண் நிறத்தையும் டார்க் கிரீன் என்ற அடர் பச்சையையும் திட்டுத் திட்டாகப் பூசியது இதற்காகத்தான். அது இங்கிலாந்தின் வயல்களுக்கும் தோப்புகளுக்கும் பொருந்தும். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பொருந்தாது. அங்கே பச்சைக்குப் பதிலாக மிடில் ஸ்டோன் என்ற மணல் நிறமும், அடியில் அஸூர் ப்ளூ என்ற நீலமும் வந்தன.

இதில் முக்கியமான விஷயம் தேதி. "ஸ்பிட்ஃபயருக்கு என்ன நிறம்?" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. எந்த மாதத்து ஸ்பிட்ஃபயர் என்று கேட்க வேண்டும்! இந்த வரிசையைப் பாருங்கள்.

போர் தொடங்கிய காலத்தில் ஸ்பிட்ஃபயரின் அடிப்பக்கம் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. தரையில் இருக்கும் பீரங்கிக்காரர்கள் சொந்த விமானத்தைச் சுட்டுவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. 1940 ஜூனில் அடிப்பக்கம் முழுவதும் ஸ்கை என்ற நிறத்துக்கு மாறியது. அதே ஆண்டு நவம்பர் கடைசியில் இடது இறக்கையின் அடிப்பக்கத்துக்கு மறுபடியும் கறுப்பு வந்தது. வால் அருகில் ஸ்கை நிறத்தில் ஒரு பட்டையும் சேர்ந்துகொண்டது. 1941 ஏப்ரலில் அந்தக் கறுப்பு நீக்கப்பட்டது. 1941 ஆகஸ்டில் மண் நிறமே போய்விட்டது. விமானங்கள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸ் மேல் பறக்கத் தொடங்கியதால் மண்ணுக்குப் பதில் ஓஷன் கிரே என்ற சாம்பல் நிறம் வந்தது. அடிப்பக்கம் மீடியம் ஸீ கிரே ஆனது.

போதுமான ஓஷன் கிரே உடனே கிடைக்கவில்லை. என்ன செய்வது? மீடியம் ஸீ கிரே 7 பங்கு, கறுப்பு 1 பங்கு கலந்து அடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கலவைக்கு "மிக்ஸ்டு கிரே" என்று பெயர். போர்க்காலத்தில் ஒரு விமானதளத்து ஊழியர் அவசர அவசரமாக வாளியில் கலக்கும்போது 7 பங்கு 6 ஆகலாம், 8 ஆகலாம். ஆகவே 1941 ஆகஸ்டு மாத ஸ்பிட்ஃபயர் மாடலுக்கு ஒரே ஒரு "சரியான" சாம்பல் கிடையாது. இது ஆராய்ச்சியின் குறை அல்ல. நிஜமே அப்படித்தான் இருந்தது.

ஆர்.ஏ.எஃப்-இல் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களின் பெயரோடு "மெட்ராஸ் பிரெசிடென்ஸி" என்று சேர்த்துச் சொல்வார்கள். இவற்றில் 234 ஸ்பிட்ஃபயர்களையும், 264 டிஃபையன்ட் விமானங்களையும் வைத்து 1940-ல் பிரிட்டன் வான்போரில் கலந்துகொண்டவை. சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கிய விமானத்தை மாடல் செய்ய நினைப்பவரும் மேலே சொன்ன தேதிப் பட்டியலைத் தாண்டித்தான் போகவேண்டும். 264-இன் டிஃபையன்ட்கள் பகல் சண்டையில் பலத்த இழப்பைச் சந்தித்து இரவுச் சண்டைக்கு மாற்றப்பட்டன. இரவு விமானத்துக்கு வேஷம் முழுக் கறுப்பு!

வாத்து முட்டையும் ஜோத்பூர் மகாராஜாவும்

ஸ்கை என்ற பெயரைக் கேட்டால் நீலம் என்றுதான் தோன்றும். ஆனால் அது வெளிர் பச்சை கலந்த நிறம், ஏறக்குறைய வாத்து முட்டை ஓட்டின் நிறம். இதற்குப் பின்னால் இருப்பவர் சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலியர். 1939-ல் லாக்ஹீட் பயணி விமானம் ஒன்றில் கேமராவை மறைத்து வைத்து ஜெர்மனியை ரகசியமாகப் படமெடுத்த ஆசாமி. லண்டன் அருகே ஹெஸ்டன் விமானதளத்தில் ஜோத்பூர் மகாராஜாவின் சொந்த விமானம் கிளம்பியதும் சட்டென்று வானத்தில் கரைந்து போனதை அவர் கவனித்தாராம். அதன் வெளிர் பச்சை நிறம்தான் காரணம் என்று புரிந்துகொண்டு தன் விமானங்களுக்கும் அதைப் போலப் பூசினார் என்று சொல்வதுண்டு. அவர் பயன்படுத்திய பெயிண்டுக்கு "கேமோடின்ட்" என்று பெயர். ஸ்கை இந்த வழியில் வந்த நிறம்தான்.

1940 ஜூனில் உத்தரவு வந்தபோது அந்தப் பெயிண்ட் எல்லோருக்கும் போய்ச் சேரும் அளவுக்குக் கையிருப்பில் இல்லை. பெயரிலும் குழப்பம். சில தாள்களில் "ஸ்கை", சில தாள்களில் "டக் எக் ப்ளூ". ஸ்கை ப்ளூ என்று வேறொரு நிறம் ஏற்கனவே இருந்தது. "ஸ்கை டைப் எஸ்" என்பதில் உள்ள எஸ் என்ற எழுத்து பெயிண்டின் வழவழப்பான தன்மையைக் குறிப்பது. அதையும் தனி நிறம் என்று நினைத்தவர்கள் உண்டு. கிடைத்ததைக் கலந்து பூசியதால் 1940 கோடையில் ஒரே ஸ்குவாட்ரனில் பச்சை சாயல், நீல சாயல் என்று பலவிதமான அடிப்பக்கங்கள் பறந்தன.

1976-ல் லண்டன் ஆர்.ஏ.எஃப் மியூசியம் வரிசையில் வெளிவந்த ஒரு புத்தகம் இந்த விவாதத்தில் பெரிய திருப்பம். அதில் அதிகாரபூர்வ நிறங்களின் மாதிரிகளை நிஜப் பெயிண்டாகவே ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். ஸ்கை எப்படி இருக்கவேண்டும் என்பதற்குப் பதில் கிடைத்தது. ஆனால் 1940-ல் ஒரு குறிப்பிட்ட விமானத்தின் மேல் எது இருந்தது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. உத்தரவு வேறு, நடந்தது வேறு.

ஜீரோ: சாம்பலா, வெல்லப்பாகா?

இப்போது தலைப்புக்கு வருவோம்.

ஜப்பானின் மிட்சுபிஷி கம்பெனியில் ஜிரோ ஹொரிகோஷி வடிவமைத்த கடற்படைப் போர் விமானம் ஜீரோ. 1940-ஆம் ஆண்டு ஜப்பானிய வழக்கப்படி 2600. அதன் கடைசி இலக்கத்தை வைத்து "டைப் ஜீரோ" என்று பெயர் வந்தது. 1941 டிசம்பர் 7-ஆம் தேதி பேர்ல் ஹார்பரைத் தாக்கியதில் இதுவும் உண்டு. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பின் மேலும், 9-ஆம் தேதி திருகோணமலையின் மேலும் வந்து பிரிட்டிஷ் ஹரிக்கேன்களோடு மோதியதும் இதே விமானம்தான்.

பார்த்தவர்கள் ஏராளம். ஆனால் நிறம் என்ன?

பல காலம் மாடல் பெட்டிகளில் ஜீரோ வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ இருந்தது. எஞ்சின் மூடி கறுப்பு, இறக்கையில் சிவப்பு வட்டம். பார்க்க அழகாக இருக்கும். கறுப்பு வெள்ளைப் படங்களிலும் விமானம் வெளிறித்தான் தெரிகிறது. ஆகவே யாரும் சந்தேகப்படவில்லை.

பிறகு ஒரு ஜப்பானிய ஆவணம் கவனத்துக்கு வந்தது. 1942 பிப்ரவரியில் யோகோசுகா கடற்படை விமானப் பிரிவு, ஜீரோவுக்கு என்ன மறைப்பு வர்ணம் பூசலாம் என்று சோதனை செய்து எழுதிய அறிக்கை அது. அப்போது பயன்பாட்டில் இருந்த நிறத்தைப் பற்றி அதில் போகிற போக்கில் ஒரு குறிப்பு வருகிறது. ஜே3 என்ற சாம்பல், அதில் லேசாக "அமே" நிறம் கலந்தது என்பது அதன் பொருள். அமே என்றால் ஜப்பானில் மாவிலிருந்து காய்ச்சி எடுக்கும் இனிப்புப் பாகு. கிட்டத்தட்ட நம் ஊர் வெல்லப்பாகு இளம் பதத்தில் இருப்பது போல, ஒளி ஊடுருவும் பழுப்பு.

இந்த ஒரு வார்த்தை போதாதா? மாடல் உலகம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கட்சி ஜீரோவுக்குக் காப்பித்தண்ணி நிறம் பூச ஆரம்பித்தது. இன்னொரு கட்சி "அதெல்லாம் பெயிண்ட் பழசாகி மஞ்சள் தட்டியது. புதிதாக இருந்தபோது சாம்பல்தான்" என்று நின்றது. மூன்றாவதாக, "அமே என்பது நிறத்தைச் சொல்லவில்லை, பளபளப்பைச் சொல்கிறது" என்று ஒரு விளக்கமும் கிளம்பியது.

அறிக்கையை நிதானமாகப் படித்தால் இரண்டு வார்த்தைகள் கண்ணில் படும். ஒன்று "சாம்பல்", மற்றொன்று "லேசாக". முழுப் பழுப்பு என்று அது எங்கும் சொல்லவில்லை. விழுந்த ஜீரோக்களிலிருந்து எடுத்துப் பாதுகாத்த தகடுகளும் இதையே சொல்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் அவை வெளிறிய சாம்பல். காரணம், வெயிலும் காற்றும் பட்டு மேல்பரப்பு சுண்ணாம்புத்தூள் போலாகிவிடும். அந்தத் தூளைத் துடைத்து மெருகேற்றினால் அடியிலிருந்து பச்சையும் பழுப்பும் லேசாகக் கலந்த சாம்பல் வெளிவருகிறது. ஒரே தகடுதான். வெளிறிய இடத்தைப் பார்த்தவர் ஒரு நிறம் சொல்வார், மெருகேற்றிய இடத்தைப் பார்த்தவர் வேறு சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை.

இதோடு முடியவில்லை. ஜீரோவை மிட்சுபிஷி மட்டும் செய்யவில்லை. 10,000-க்கும் மேற்பட்ட ஜீரோக்களில் பாதிக்கு மேல் செய்தது நகாஜிமா என்ற இன்னொரு கம்பெனி. இரண்டு தொழிற்சாலைகளின் பெயிண்டும் ஒன்றுபோல இல்லை. 1943 முதல் மேல்பக்கத்துக்கு அடர் பச்சை வந்துவிட்டதால், அமே சண்டை முக்கியமாகப் போரின் முதல் பாதி விமானங்களைப் பற்றியதுதான்.

பெயிண்ட் கம்பெனிகளும் இந்த ஆராய்ச்சியின் பின்னாலேயே வந்தன. தமியா கம்பெனியின் வரிசையில் எக்ஸ்.எஃப்-12 என்பது ஜப்பானியக் கடற்படைச் சாம்பல். பிற்காலத்தில் எக்ஸ்.எஃப்-76 என்று ஒரு பாட்டில் வந்தது. அதன் பெயரிலேயே "ஜப்பானியக் கடற்படை சாம்பல் பச்சை" என்று இருக்கிறது. ஒரே கடற்படை, ஒரே கம்பெனி, இரண்டு பாட்டில்! முன்னோட்ட ஆண்டுகளின் ஜீரோவுக்கு இரண்டாவதுதான் ஆதாரங்களுக்கு அருகில் வருகிறது.

அகுடான் தீவில் ஒரு ஜீரோ

1942 ஜூன் 4-ஆம் தேதி அலாஸ்காவின் டச்சு ஹார்பரைத் தாக்க வந்த ஜீரோ ஒன்று அடிபட்டு அகுடான் தீவில் இறங்க முயன்றது. புல்தரை என்று நினைத்து இறங்கிய இடம் சதுப்பு நிலம். சக்கரங்கள் புதைந்து விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. விமானி ததயோஷி கோகா அங்கேயே இறந்தார். வயது 19. கிட்டத்தட்ட அதே வயது அமெரிக்க மாணவர்கள் பள்ளிப் பட்டறையில் கறுப்பு மாடல்களைச் செதுக்கிக்கொண்டிருந்த ஆண்டு அது.

ஒரு மாதத்துக்கும் மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்த அந்த விமானத்தை 1942 ஜூலை 10-ஆம் தேதி அமெரிக்கர்கள் கண்டார்கள். அது அதே ஆண்டு பிப்ரவரியில்தான் தொழிற்சாலையை விட்டு வந்தது. நிறத்தை ஆராய இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? ஆனால் போர்க்காலத்தில் யாருக்கும் நிறம் முக்கியமில்லை. விமானம் எவ்வளவு வேகமாகத் திரும்பும், எங்கே திணறும் என்பதுதான் முக்கியம். சான் டியகோவில் அதைப் பழுது பார்த்து அமெரிக்க நிறங்களும் நட்சத்திரச் சின்னமும் பூசி 1942 செப்டம்பரில் பறக்கவிட்டார்கள். அந்தச் சோதனைகள் அமெரிக்க விமானிகளின் உயிரைக் காக்க உதவின. கோகாவின் விமானத்தின் சொந்த நிறமோ அமெரிக்கப் பெயிண்டுக்கு அடியில் போய்விட்டது. 1945 பிப்ரவரியில் தரையில் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு விமானம் மோதி, அந்த ஜீரோவும் அழிந்தது.

ஜெர்மனியின் எண் குழப்பம்

ஜெர்மானியர்கள் எல்லாவற்றுக்கும் எண் கொடுப்பவர்கள். விமான அமைச்சகமான ஆர்.எல்.எம் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண் வைத்திருந்தது. 65 வெளிர் நீலம், 70 கறும்பச்சை, 71 அடர் பச்சை, 74, 75, 76 சாம்பல் வகைகள். நிற மாதிரி அட்டைகளோடு விதிமுறைப் புத்தகமும் இருந்தது. 1941 பதிப்பு வரைக்கும் உள்ள நிறங்களில் மாடல் செய்பவர்களுக்குப் பெரிய தலைவலி இல்லை.

தலைவலி 1944-ல் வருகிறது. அந்தக் கோடையில் 70, 71-க்குப் பதிலாக 81, 82 என்று இரண்டு புதிய எண்கள் வந்தன. கூடவே, பழைய பெயிண்ட் மீதி இருந்தால் அதையும் புதியதோடு சேர்த்து உபயோகித்துத் தீர்க்கலாம் என்ற அனுமதியும் வந்தது. ஆனால் இந்தப் புதிய எண்களுக்கு நிற மாதிரி அட்டை எதுவும் இதுவரை கிடைத்ததில்லை. ஒரு கம்பெனியின் தாளில் 81 என்றால் பழுப்பு ஊதா, இன்னொன்றில் ஆலிவ் பழுப்பு, மற்றொன்றில் அடர் பச்சை! குண்டுவீச்சில் தொழிற்சாலைகள் சிதறி, விமானத்தின் இறக்கை ஓரிடத்திலும் உடல் ஓரிடத்திலும் தயாராகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒரே விமானத்தில் உடல் ஒரு பச்சை, வால் வேறு பச்சை என்று இருந்ததில் ஆச்சரியமில்லை.

இதைவிட விசித்திரம் 83-ஆம் எண். பல ஆண்டுகளாகப் புத்தகங்களும் பெயிண்ட் கம்பெனிகளும் 83 என்றால் அடர் பச்சை என்றே சொல்லி வந்தன. அந்தப் பெயரில் பாட்டில்கள் விற்றன. எத்தனையோ மாடல்கள் அந்தப் பாட்டிலிலிருந்து நிறம் பெற்றன. பிறகு ஆவணங்களைத் துருவிய ஆராய்ச்சியாளர்கள், 83 என்பது கடல் மேல் பறக்கும் விமானங்களுக்காகச் சோதித்துப் பார்த்த அடர் நீலம் என்று வாதிட்டார்கள். விமானத்தின் மேல் ஒரு அடர் பச்சை இருந்தது உண்மை. அதன் எண் 83 என்பதுதான் கேள்விக்குரியது. ஒருவர் யூகித்ததை அடுத்தவர் எடுத்து எழுதி, அதைப் பார்த்து மூன்றாமவர் படம் வரைந்து, அந்தப் படத்தைப் பார்த்துப் பெயிண்ட் கம்பெனி பாட்டில் தயாரித்து, கடைசியில் பாட்டிலே ஆதாரமாகிவிடுகிறது!

சாட்சிகளை நம்பலாமா?

நிறத்தைக் கண்டுபிடிக்க உதவும் சாட்சிகள் நான்கு. நான்கிலும் ஓட்டை உண்டு.

1. கறுப்பு வெள்ளைப் படம்: அக்காலத்தில் இரண்டு வகை ஃபிலிம்கள் இருந்தன. ஆர்த்தோகுரோமேடிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கிட்டத்தட்ட கறுப்பாகவும், மஞ்சள் கருமையாகவும் விழும். பான்குரோமேடிக் ஃபிலிமில் மஞ்சள் வெளிறி விழும். பிரிட்டிஷ் விமானத்தின் வட்டச் சின்னத்தைச் சுற்றியுள்ள மஞ்சள் வளையம் சில படங்களில் கறுப்பாகத் தெரிவது இதனால்தான். படம் எந்த ஃபிலிமில் எடுத்தது என்று தெரியாமல் நிறத்தைச் சொல்வது ஆபத்து.

2. கலர் படம்: கோடக்குரோம் 1935-லேயே வந்துவிட்டது. ஆனால் போர்க்களத்தில் கலர் ஃபிலிம் அபூர்வம். வெளிச்சம், கழுவிய விதம், வயது, இன்று அதை ஸ்கேன் செய்யும் கருவி எல்லாம் நிறத்தை மாற்றும். கணினித் திரையில் தெரியும் பச்சையை அப்படியே நம்பி பெயிண்ட் வாங்க முடியாது.

3. ஞாபகம்: விமானத்தை ஓட்டியவரிடமே கேட்கலாமே என்று தோன்றும். உயிருக்குப் போராடிய ஒருவர் அடிப்பக்கம் பச்சை சாயலா நீல சாயலா என்று கவனித்திருப்பாரா? ஐம்பது ஆண்டுகள் கழித்துச் சொல்லும்போது, இடையில் பார்த்த சினிமாவும் மியூசியமும் ஞாபகத்தில் கலந்துவிடும்.

4. மிச்சமிருக்கும் தகடு: இதுதான் வலுவான சாட்சி. அதே சமயம் ஒருமுறைதான் பேசும் சாட்சி. சுரண்டிப் பார்த்துவிட்டால் சுரண்டிய இடம் போனது போனதுதான்.

மியூசியங்கள் செய்த தவறும் இங்கேதான். பழைய விமானம் ஒன்று கிடைத்தால் பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டி எறிந்துவிட்டு, கடையில் கிடைத்த கிட்டத்தட்ட ஒத்துப்போகும் நிறத்தைப் பூசிப் பளபளவென்று வைப்பது ஒரு காலத்தில் வழக்கம். பிறகு மாடல் செய்பவர் போய்ப் படம் எடுத்து, "மியூசியத்தில் இருக்கிறது, ஆகவே சரி" என்று அதையே பூசுவார். பின்னாளில் அணுகுமுறை மாறியது. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் விமான மியூசியம் 1980-களின் தொடக்கத்தில் ஒரு ஃபோக்-வுல்ஃப் 190 விமானத்தைச் சீரமைத்தபோது பெயிண்டை அடுக்கு அடுக்காகத் தேய்த்துப் பார்த்தார்கள். ஒன்றன்கீழ் ஒன்றாகப் பழைய நிறங்கள் வெளிவந்தன. அந்த விமானம் முதலில் வேறு மாடலாகப் பிறந்து பின்னர் மாற்றிக் கட்டப்பட்டது என்ற கதையும் அதோடு தெரியவந்தது. அமெரிக்காவின் புகழ்பெற்ற மெம்ஃபிஸ் பெல் குண்டுவீச்சு விமானம் 2018-ல் சீரமைத்துக் காட்சிக்கு வைக்கப்பட்டது. அந்த வேலையின்போது, 1943-ல் அது ஊர் ஊராகப் போன சமயம் பொதுமக்கள் தகட்டில் கீறி எழுதிய பெயர்கள் பெயிண்டுக்கு அடியிலிருந்து வெளிவந்தன. எல்லாவற்றையும் மொத்தமாகச் சுரண்டியிருந்தால் அந்தப் பெயர்களும் தூளோடு தூளாகப் போயிருக்கும்.

22 மீட்டர் தூரக் கணக்கு

சரியான நிறத்தையே கண்டுபிடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதை அப்படியே மாடலுக்குப் பூசலாமா? இங்கேயும் ஒரு சண்டை இருக்கிறது.

1/72 மாடலை 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்ப்பது, நிஜ விமானத்தைச் சுமார் 22 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். தூரம் கூடக்கூட நிறம் வெளிறும். தொலைவில் உள்ள பச்சை மலை நீலச் சாம்பலாகத் தெரிவது போல. ஆகவே மாடலுக்கு நிறத்தைக் கொஞ்சம் வெளுக்கவேண்டும் என்று ஒரு கட்சி சொல்கிறது. 1/72-க்கு 15 சதவீதம், 1/48-க்கு 10 சதவீதம் வெள்ளை கலக்கவேண்டும் என்ற கணக்கு மாடல் செய்பவர்களிடையே பிரபலம். 22 மீட்டர் காற்று எந்த நிறத்தையும் மாற்றிவிடாது என்பது எதிர்க்கட்சி வாதம். இதுவும் நியாயமானதுதான். தெருவின் எதிர்ப்பக்கம் நிற்கும் பஸ் வெளிறியா தெரிகிறது? ஆனால் சின்னப் பொருளில் அடர் நிறம் இன்னும் இருட்டாகத் தெரியும் என்பதும் அனுபவம். வெள்ளை கலப்பதா வேண்டாமா என்பது கண்ணின் விருப்பம். அதை ஆதாரம் என்று சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

எண்களை நம்புவதிலும் கவனம் வேண்டும். அமெரிக்க அரசின் ஃபெடரல் ஸ்டாண்டர்டு 595 என்ற நிறத் தொகுப்பின் எண்களை மாடல் குறிப்புகளில் நிறையப் பார்க்கலாம். அது 1956-ல் வந்தது. போர் முடிந்தது 1945-ல்! ஜீரோவுக்கோ மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கோ அந்த எண்ணைக் கொடுத்தால் "இதற்குக் கிட்டத்தட்ட" என்றுதான் அர்த்தம், "இதுதான்" என்று அல்ல.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது?

அனுபவசாலிகள் செய்வது இதுதான். பொதுவாக "ஒரு ஸ்பிட்ஃபயர்" என்று ஆரம்பிக்காமல் ஒரு குறிப்பிட்ட விமானம், ஒரு இடம், ஒரு மாதம் என்று முடிவு செய்கிறார்கள். அந்த மாதத்தில் என்ன உத்தரவு அமலில் இருந்தது என்று பார்க்கிறார்கள். எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்று பார்க்கிறார்கள். அந்த விமானத்தின் படம் கிடைத்தால் உத்தரவோடு ஒப்பிடுகிறார்கள். அதே வகை விமானத்தின் தகட்டை ஆராய்ந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடுகிறார்கள். கடைசியில்தான் டப்பா. அதையும் நேராக மாடலில் பூசாமல் ஒரு பிளாஸ்டிக் துண்டில் பூசி, காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வெயிலில் வேறு வேறாகத் தெரிவது சகஜம்.

இத்தனைக்குப் பிறகும் சில இடங்களில் யூகம்தான் மிஞ்சும். யூகிப்பது தவறில்லை, யூகத்தை உண்மை என்று எழுதுவதுதான் தவறு. 83-ஆம் எண் அப்படித்தான் பச்சை ஆனது. அதனால் சிலர் மாடலின் அடித்தட்டில் ஒரு சிறு சீட்டு ஒட்டிவைக்கிறார்கள். மேல்பக்க நிறம் உத்தரவுப்படி, அடிப்பக்கம் படத்தைப் பார்த்து, சக்கரக்கூடு உள்நிறம் யூகம் என்று மூன்று வரி இருக்கும். பத்து ஆண்டு கழித்துப் புதிய தகடு ஏதாவது கிடைத்தால் எந்த வரியை மாற்றவேண்டும் என்று அந்தச் சீட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.